காது டெஸ்டில் எல்லாம் நார்மல், கல்யாண மண்டபத்தில் மட்டும் பேச்சு புரியவில்லை. ஏன்?

கேள்வி சுருக்கமாக இது: அம்மாவுக்கு 58 வயது. வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்வதில்லை, போனில் நன்றாகப் பேசுகிறார். ஆனால் விசேஷ வீடுகளுக்குப் போனால் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் சொல்வது புரியாமல் தலையாட்டிச் சமாளிக்கிறார். காது டெஸ்ட் எடுத்ததில் நார்மல் என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. அப்படியானால் கவனக்குறைவா, இல்லை எதற்கும் ஒரு காது மெஷின் வாங்கிவிடலாமா?

கவனக்குறைவு இல்லை. மெஷினும் இப்போதைக்கு வேண்டாம். அந்த ரிப்போர்ட்டும் பொய் சொல்லவில்லை, அம்மாவும் பொய் சொல்லவில்லை, இரண்டும் வேறு வேறு விஷயங்களைப் பற்றிப் பேசுகின்றன, அவ்வளவுதான். நான் ஆடியாலஜிஸ்ட், அதாவது காது கேட்கும் திறனைச் சோதிக்கும் வேலை பார்ப்பவன், இந்தக் கேள்வி அடிக்கடி வரும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த டெஸ்ட். சத்தமே இல்லாத ஒரு அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, 250 ஹெர்ட்ஸிலிருந்து 8000 ஹெர்ட்ஸ் வரை (ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு) ஒவ்வொரு பீப் ஒலியாகப் போட்டு, எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்று பார்ப்பார்கள். 'கேட்கிறதா இல்லையா' என்பது மட்டும்தான் அங்கே கேள்வி. மண்டபத்தில் அம்மாவின் பிரச்சினை அதுவே இல்லையே, அங்கே எல்லாமே கேட்கிறது, தேவைக்கு மேலேயே கேட்கிறது. கேட்கிற குவியலிலிருந்து ஒருவருடைய பேச்சை மட்டும் பிரித்து எடுப்பதுதான் வேலை. அந்த வேலையில் பெரும்பகுதி நடப்பது காதில் அல்ல, மூளையில்.

அது எவ்வளவு கஷ்டமான வேலை என்பதை நாம் உணர்வதே இல்லை. தவில், மைக்கில் யாரோ மொய் விவரம் வாசிப்பது, பின்வரிசைச் சிரிப்பு, பக்கத்து அத்தையின் பேச்சு எல்லாம் காற்றிலேயே ஒன்றாகக் கலந்து, செவிப்பறைக்கு வரும்போது ஒரே ஒரு அதிர்வாகத்தான் வருகின்றன. கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆல்பர்ட் பிரெக்மன் இதற்கு ஓர் உவமை சொன்னார். ஏரிக்கரையில் இரண்டு சிறிய வாய்க்கால் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு கைக்குட்டையைக் கட்டிவிடுங்கள். அலை வந்து அந்தத் துணிகள் ஆடுவதை மட்டும் பார்த்து, ஏரியில் எத்தனை படகு போகிறது, எது வேகமாகப் போகிறது, எது அருகில் இருக்கிறது என்றெல்லாம் சொல்ல வேண்டும். இரண்டு காதும் மூளையும் சேர்ந்து நாள் முழுக்கச் செய்வது இதைத்தான்.

எப்படிப் பிரிக்கிறது? உள்காதில் நத்தைக்கூடு மாதிரி சுருண்டிருக்கும் காக்லியா, வந்த அதிர்வை முதலில் அலைவரிசை வாரியாகப் பிரிக்கிறது. கீச்சென்ற ஒலிகள் நுழைவாய்ப் பக்கம், கனத்த ஒலிகள் சுருளின் உச்சியில். ஏறக்குறைய 3500 உட்புற மயிர்ச்செல்கள் வரிசையாக நின்று அதைப் பிடித்து, சுமார் 30,000 நரம்பிழைகள் வழியாக மூளைக்கு அனுப்புகின்றன. ஆனால் 'இது தவில், இது அத்தை' என்று எதன் மேலும் பெயர் எழுதி வருவதில்லை. மூளைதான் எதெது ஒன்றாகத் தொடங்கியது, எதெது ஒன்றாக ஏறி இறங்குகிறது என்று பார்த்துச் சேர்த்துக் கட்டுகிறது. இதில் பெரிய துணை குரலின் சுருதி. ஆணின் குரல்நாண்கள் நொடிக்கு நூற்றிச் சொச்சம் முறை அதிரும், பெண்ணுடையது இருநூறு முறைக்குப் பக்கமாக. 110 ஹெர்ட்ஸில் பேசுபவரின் குரலில் 220, 330, 440 என்று அதன் மடங்குகளும் கூடவே வரும், அந்த வரிசையில் பொருந்துகிறவை எல்லாம் ஒரே வாயிலிருந்து வந்தவை என்று மூளை முடிவு கட்டும். ஒரு ஆணும் ஒரு பெண்ணும் ஒரே நேரத்தில் பேசினால் ஓரளவு சமாளிக்கலாம், குரல் ஒத்துப்போகும் அக்காவும் தங்கையும் சேர்ந்து பேசினால் தலை சுற்றும், காரணம் இதுதான். ஃபேன் சத்தத்தைவிட அடுத்தவர் பேச்சு அதிகம் தொந்தரவு தருவதும் இதனால்தான்: ஃபேன் சத்தம் பேச்சை மூடி மறைக்க மட்டுமே செய்யும், பேச்சோ நாம் கேட்க வேண்டிய பேச்சோடு போட்டி போடும்.

அடுத்தது இரண்டு காது. இடது பக்கமிருந்து வரும் ஒலி வலது காதை அடைய அதிகபட்சம் ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஏழு பங்கு நேரம் தாமதமாகும். அந்தத் தாமதத்தில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு நொடி அளவு வித்தியாசத்தைக்கூட, அமைதியான சூழலில், நல்ல காதுகள் கண்டுபிடித்துவிடும். மூளைத்தண்டில் இரண்டு காதின் செய்தியும் முதன்முதலில் சந்திக்கும் இடத்திலேயே இந்தக் கணக்கு நடக்கிறது, நாம் 'கேட்டோம்' என்று உணர்வதற்கு வெகு முன்னால். 1948லேயே லிக்லைடர், ஹிர்ஷ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்களும் தனித்தனியாக ஒன்றைக் காட்டினார்கள்: இரைச்சல் இரண்டு காதிலும் ஒரே மாதிரி இருந்து, கேட்க வேண்டிய ஒலி மட்டும் இரண்டு காதிலும் வேறுபட்டு வந்தால், அதைக் கண்டுபிடிப்பது மிக எளிதாகிவிடுகிறது. கனத்த ஒலிகளில் இந்த லாபம் 15 டெசிபல் (ஒலியின் பலத்தை அளக்கும் அலகு) வரை போகிறது.

நம்பிக்கை இல்லையென்றால் ஒரு சோதனை. மண்டபத்தில் உங்களுக்கு நன்றாகப் புரிந்த ஓர் உரையாடலை மொபைலில் ரெக்கார்ட் செய்து வீட்டில் போட்டுக் கேளுங்கள், முக்கால்வாசி இரைச்சல்தான் இருக்கும். இடம் பற்றிய தகவல் பதிவில் போய்விட்டது, மூளைக்குப் பிடிமானம் இல்லை. ஒரு காது மட்டும் கேட்பவர்கள் அமைதியான அறையில் எந்தக் குறையும் தெரியாமல் பேசிவிட்டு ஹோட்டலுக்குள் போனதும் திணறுவதும் இதனால்தான்.

பிரித்தாயிற்று, அப்புறம் தேர்ந்தெடுக்க வேண்டும். இதை முதலில் முறையாக ஆராய்ந்தவர் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் காலின் செர்ரி, 1953ல். அந்தக் காலத்தில் விமானக் கட்டுப்பாட்டு அறைகளில் பல விமானிகளின் குரல்கள் ஒரே ஒலிபெருக்கியில் கலந்து வந்து கொண்டிருந்தன, இந்த மாதிரிக் கேள்விகள் சூடுபிடித்ததில் அதற்கும் பங்கு உண்டு. செர்ரி ஒரே ஆளைக்கொண்டு இரண்டு பத்திகளைப் படிக்க வைத்து, இரண்டையும் கலந்து ஒன்றாகப் போட்டார். குரல் ஒன்றே, இடமும் ஒன்றே. கேட்டவர்கள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, கண்ணை மூடி, மெனக்கெட்டுத்தான் பிரிக்க முடிந்தது. பிறகு பத்திகளுக்குப் பதிலாக, தேய்ந்துபோன மேடைப்பேச்சு வாசகங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துப் போட்டபோது பிரிக்கவே முடியவில்லை, ஏனென்றால் ஒரு வாசகம் முடிந்ததும் அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க வழியில்லை. எனக்கு அந்தக் கட்டுரையில் மிகவும் பிடித்த பகுதி இது. நாம் காதால் பின்தொடர்கிறோம் என்று நினைக்கும்போது பாதி நேரம் ஊகத்தால்தான் பின்தொடர்கிறோம்.

அப்புறம் ஒரு காதில் ஒரு பேச்சு, மறு காதில் வேறொரு பேச்சு என்று போட்டு, ஒன்றை மட்டும் கூடவே திருப்பிச் சொல்லச் சொன்னார். சுலபமாகச் செய்தார்கள். ஒதுக்கிய காதில் என்ன வந்தது என்று கேட்டால், ஆண் குரல் பெண் குரலாக மாறியது தெரிந்திருக்கிறது, ஆங்கிலம் நடுவில் ஜெர்மனாக மாறியது தெரியவில்லை! 1959ல் நெவில் மோரே, ஒதுக்கிய காதில் கேட்பவரின் சொந்தப் பெயரைச் செருகிப் பார்த்தார். மூன்றில் ஒரு பங்குப் பேர்தான் கவனித்தார்கள். கூட்டத்தில் நம் பெயரை யாராவது சொன்னால் உடனே காதில் விழும் என்று எல்லோரும் நம்புகிறோம், உண்மையில் பெரும்பாலானவர்களுக்கு விழுவதில்லை. 2001ல் கான்வேயும் அவர் குழுவினரும் இதில் இன்னொன்று கண்டார்கள்: மனதில் ஒரே நேரத்தில் பல விஷயங்களைப் பிடித்து வைக்கும் திறன் அதிகமுள்ளவர்களில் 20 சதவீதம் பேர்தான் பெயரைக் கவனித்தார்கள், குறைவானவர்களில் 65 சதவீதம். அதாவது பெயர் காதில் விழுந்தால் பெருமைப்பட ஒன்றுமில்லை, வடிகட்டி ஓட்டையாக இருக்கிறது என்று அர்த்தம்.

இந்தத் தேர்வு மூளையில் நடப்பதை நேரடியாகவே பார்த்திருக்கிறார்கள். 2012ல் சான் பிரான்சிஸ்கோவில் மெஸ்கரானி, எட்வர்ட் சாங் இருவரும், வலிப்பு நோய் சிகிச்சைக்காக மூளையின் மேல் மின்முனைகள் வைக்கப்பட்டிருந்த மூன்று நோயாளிகளுக்கு இரண்டு பேரின் பேச்சைக் கலந்து போட்டார்கள். காதுக்கு மேலே பொட்டுப் பக்கத்து மூளைப் பகுதியில் பதிவான சிக்னலிலிருந்து ஒலியைத் திரும்பக் கட்டிப் பார்த்தால், நோயாளி கவனித்த ஆள் தனியாகப் பேசினால் எப்படி இருக்குமோ கிட்டத்தட்ட அப்படி வந்தது. நோயாளி தவறான பதில் சொன்ன இடங்களில் பார்த்தால், மூளை மற்ற ஆளைப் பின்தொடர்ந்திருந்தது தெரிந்தது.

இவ்வளவு செய்தும் ஓட்டைகள் மிஞ்சும். அவற்றை மூளை தானாக அடைக்கும். ரிச்சர்ட் வாரன் 1970ல் செய்த சோதனையை மாணவர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்: ஓர் ஆங்கில வாக்கியத்தில் ஒரு சொல்லின் நடுவில் ஒரேயொரு எழுத்தொலியை முழுதாக வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் இருமல் ஒலியை ஒட்டினார். ஏதாவது ஒலி குறைகிறதா என்று 20 பேரைக் கேட்டார், 19 பேர் இல்லவே இல்லை என்றார்கள், மீதி ஒருவர் தவறான இடத்தைக் காட்டினார். இருமல் எந்த இடத்தில் வந்தது என்றுகூட யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. இருமலுக்குப் பதில் அந்த இடத்தில் வெறும் மௌனம் இருந்தால் ஓட்டை பளிச்சென்று தெரிகிறது. இரைச்சல் என்ற ஒரு சாக்கு இருந்தால்தான் மூளை 'இதற்குப் பின்னால் ஒலி இருந்திருக்கும்' என்று நிரப்பும்.

நிரப்ப வேண்டுமானால் சூழலும் மொழியும் துணை வேண்டும். அதனால்தான் 'சாப்பிட்டாச்சா' என்பது எந்தச் சத்தத்திலும் புரியும், போன் நம்பரும் ஊர்ப்பெயரும் புரியாது. அம்மாவைக் கவனித்துப் பாருங்கள், பேரும் எண்ணும் வருகிற இடத்தில்தான் அதிகம் தடுமாறுவார். இரண்டாவது மொழியில் இது இன்னும் மோசம்: மெக்சிகோ ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்களை வைத்து 1997ல் செய்த ஆய்வில், 14 வயதுக்குப் பிறகு ஆங்கிலம் கற்றவர்கள் அமைதியில் நன்றாகப் புரிந்துகொண்டாலும், குழந்தையிலேயே கற்றவர்கள் தாங்கிய அளவு இரைச்சலைத் தாங்கவில்லை, வாக்கியச் சூழலிலிருந்தும் அவர்களுக்குக் கிடைத்த உதவி குறைவு. வெளிநாட்டில் பல வருடம் ஆங்கிலத்தில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் ஆபீஸ் மீட்டிங்கில் சரளமாகப் பேசிவிட்டு, மாலையில் பப்புக்குப் போனால் சிரித்துத் தலையாட்டுவதன் ரகசியம் இதுதான்.

பழகிய குரல் இன்னொரு துணை. கனடாவில் ஜான்ஸ்ரூட் குழுவினர் 2013ல் நீண்டகாலத் தம்பதிகளை வைத்துச் செய்த ஆய்வில், இரண்டு குரல் கலந்து வரும்போது வாழ்க்கைத் துணையின் குரலைப் புரிந்துகொள்வது சுலபமாக இருந்தது. கூடவே இன்னொன்றும்: வேறு யாரையாவது கவனிக்க வேண்டியபோது, துணையின் குரலை ஒதுக்கித் தள்ளுவதும் சுலபமாக இருந்தது. வயது கூடக் கூட இந்த இரண்டாவது திறமை குறைந்ததாம். இதை வீட்டில் எப்படிப் பயன்படுத்துவது என்பது உங்கள் சாமர்த்தியம்.

கண்ணையும் மறக்கக் கூடாது. 1954ல் சம்பி, போலக் இருவரும் காட்டியது: இரைச்சல் கூடக் கூட, பேசுபவரின் முகத்தைப் பார்ப்பதால் வரும் லாபமும் கூடுகிறது. இதில் ஓர் அழகான பொருத்தம் இருக்கிறது. இரைச்சலில் முதலில் அழிவது எழுத்து வாயில் எங்கே பிறக்கிறது என்ற தகவல், அதாவது மாடா நாடா, பல்லா கல்லா என்பது. மூக்கொலியா இல்லையா என்பது அவ்வளவு சுலபத்தில் அழியாது. இதை மில்லரும் நைஸ்லியும் 1955ல் அளந்தார்கள். அழிகிற அந்தத் தகவல்தான் உதட்டில் தெரிகிறது: 'ம', 'ப' சொன்னால் உதடு மூடும், 'ந', 'க' சொன்னால் மூடாது. கொரோனா காலத்தில் எல்லோரும் மாஸ்க் போட்டதும் 'எனக்குக் காது கேட்கவில்லை' என்று எத்தனை பேர் டெஸ்டுக்கு வந்தார்கள் தெரியுமா!

சரி, இப்போது அம்மாவுக்கு வருவோம். எங்கே பழுதாகியிருக்கலாம்?

நார்மல் என்று எழுதுவதிலேயே இடைவெளி உண்டு. கேட்கிற மிக மெல்லிய ஒலி 25 டெசிபல் வரை இருந்தால் நார்மல் என்று எழுதுவது பல இடங்களில் வழக்கம் (எண் கூடினால் கேட்பது குறைவு என்று அர்த்தம்), இருபது வயதில் 0 இருந்தவருக்கு இப்போது 25 என்றாலும் காகிதத்தில் நார்மல்தான். 8000 ஹெர்ட்ஸுக்கு மேலே வழக்கமாகப் பார்ப்பதே இல்லை, வயதானால் முதலில் குறைவது அந்தப் பக்கம்தான்.

அடுத்தது கொஞ்சம் புதிய விஷயம். 2009ல் பாஸ்டனில் குஜாவா, லிபர்மன் இருவரும் எலிகளை இரண்டு மணி நேரம் பெருஞ்சத்தத்தில் வைத்தார்கள். காது மந்தமாகி, சில வாரங்களில் கேட்கும் அளவு பழைய நிலைக்கே வந்துவிட்டது, மயிர்ச்செல்களும் அப்படியே இருந்தன. ஆனால் திறந்து பார்த்தால், அந்தச் செல்களையும் நரம்பையும் இணைக்கும் முடிச்சுகள் சில பகுதிகளில் பாதி அளவு அழிந்திருந்தன. பாதி இணைப்பு போனாலும் மெல்லிய பீப் கேட்கும், அதற்கு ஒன்றிரண்டு இழைகள் போதும். சத்தத்துக்கு நடுவில் நுணுக்கமாகப் பிரிக்கத்தான் நிறைய இழைகள் தேவை. 2011லிருந்து இதற்கு 'மறைந்திருக்கும் காது கேட்கும் குறை' என்ற பொருளில் ஒரு பெயரும் புழங்குகிறது. மனிதர்களிலும், இறந்தவர்களின் உள்காதுகளை ஆராய்ந்ததில், வயதோடு இந்த இணைப்புகள் குறைவது தெரிந்திருக்கிறது. உயிரோடிருப்பவரின் சிரமத்தில் எவ்வளவு பங்கு இதற்கு என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் சண்டை, அதனால் 'உங்கள் அம்மாவுக்கு இதுதான்' என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

இது போக, வயதானால் நரம்பு மண்டலத்தின் நேரத் துல்லியம் மங்கும், வேண்டாததை ஒதுக்கும் திறனும் குறையும். அதை ஈடுகட்ட அவர் ஊகத்தை அதிகம் நம்புகிறார், இதில் பெரியவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். ஆனால் ஊகத்துக்கு உழைப்பு தேவை. ராபிட் 1968ல் காட்டியது போல, இரைச்சலில் சரியாகவே கேட்டுத் திருப்பிச் சொன்ன சொற்கள்கூடப் பிறகு நினைவில் தங்குவது குறைவு, கேட்பதற்கே சக்தி செலவாகிவிட்டது. விசேஷம் முடிந்து வந்ததும் அம்மா 'தலை வலிக்கிறது' என்று படுப்பதையும், 'நேத்துதானே சொன்னாங்க, மறந்துட்டியா' என்று நீங்கள் கேட்பதையும் இந்த வெளிச்சத்தில் பாருங்கள்.

மெஷின் ஏன் இப்போது வேண்டாம் என்கிறேன்? பேச்சைக் கூட்டும்போது தவிலையும் கூட்டும். நல்ல மெஷின்களில் முன்பக்கத்து ஒலியை மட்டும் அதிகம் வாங்கும் மைக்குகள் உண்டு, அவை ஓரளவு உதவும். இரைச்சலைக் குறைக்கும் வசதி என்று விளம்பரம் செய்வது பெரும்பாலும் களைப்பைத்தான் குறைக்கும், புரிதலைப் பெரிதாகக் கூட்டாது. உண்மையில் பெரிய லாபம் தருவது பேசுபவரின் சட்டையில் மாட்டும் சின்ன மைக், அது தூரத்தையே இல்லாமல் ஆக்கிவிடுகிறது. அதெல்லாம் தேவைப்பட்டால் பிறகு. முதலில் ஆடியாலஜிஸ்டிடம் போய், இரைச்சலுக்கு நடுவில் பேச்சு எவ்வளவு புரிகிறது என்று அளக்கும் டெஸ்டைக் கேட்டு வாங்குங்கள். பேச்சுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி ஒரு டெசிபல் மாறினாலே வாக்கியம் புரிவது சுமார் 10 சதவீதம் மாறக்கூடும், அதனால் இந்த அளவு ரிப்போர்ட்டில் இருந்தால்தான் அடுத்து என்ன என்று பேச முடியும். உலக சுகாதார நிறுவனம் 2019ல் வெளியிட்ட ஹியர்டபிள்யூஹெச்ஓ என்ற இலவச செயலியும் இரைச்சலில் எண்களைச் சொல்லி இதையேதான் சோதிக்கிறது, வீட்டில் ஒரு முதல் பார்வைக்குப் போதும்.

மண்டபத்தில் ஒலிபெருக்கிக்கு எதிரே உட்கார வைக்காதீர்கள், முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கிற மாதிரி ஓரமாக இடம் பிடியுங்கள், பின்னாலிருந்து வரும் பேச்சு குறையும். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள ஏ.சி. மண்டபத்தைவிடத் திறந்த பந்தல் நல்லது. தவில் அடிக்கு நடுவில் சின்னச் சின்ன இடைவெளிகள் உண்டு, காது அதில் எட்டிப் பார்த்துத்தான் பேச்சைப் பொறுக்குகிறது, எதிரொலி அந்த இடைவெளிகளையும் நிரப்பிவிடும். பேசும்போது காதுக்குள் போய்க் கத்தாதீர்கள். நெருங்குவது நல்லதுதான், ஆனால் கத்தினால் ஒலி சிதையும், உதடும் தெரியாது. முகத்துக்கு நேராக, வெளிச்சத்தில், கொஞ்சம் நிதானமாகத் திருத்தமாகப் பேசுங்கள். 1985ல் அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வில், காது கேட்பதில் குறையுள்ளவர்களுக்கு அப்படிப் பேசியதாலேயே 17 சதவீதப் புள்ளிகள் கூடுதலாகப் புரிந்தது. எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வாருங்கள். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தை மூன்றாம் முறை சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்லுங்கள்.

இரண்டு காதுக்கும் வித்தியாசம் தெரிந்தாலோ, வெளியே சத்தமில்லாதபோதும் ஒரு காதுக்குள் மட்டும் இரைச்சல் விடாமல் இருந்தாலோ இ.என்.டி. டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு காது திடீரென்று அடைத்த மாதிரி ஆகி, கேட்பது சட்டென்று குறைந்தால் அன்றைக்கே போங்கள். அது அவசரம், மருந்து தாமதமாகத் தாமதமாகப் பலன் குறையும்.